தீக்குச்சியும் சட்டமும்

நம் வீட்டிலுள்ள பொருள்களுள் விலை மிகக் குறைந்தது எது என்று கேட்டால் ஒரு தீக்குச்சியை எடுத்துக் காட்டிவிடலாம். அச்சிறு குச்சியின் தலையில் எந்த மருந்து இருக்கலாம், எந்த மருந்து இருக்கலாகாது என்று முடிவு செய்ய ஐரோப்பிய, அமெரிக்க நாடுகளுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பிடித்தன என்றால் நேயர்கள் வியப்படையலாம். வியப்பு ஒருபுறம் இருக்கட்டும். அந்த எழுபது ஆண்டுகளில் எழுந்த வாதங்களை இன்றைய செய்தித்தாளில் வரும் வாதங்களோடு வைத்துப் பார்த்தால், ஆட்களின் பெயர்தான் மாறியிருக்கிறது என்று தோன்றும். ஓர் இரசாயனப் பொருள் தொழிலாளியின் உடலைக் கெடுக்கிறது, அதைத் தடுத்தால் உற்பத்திச் செலவு ஏறும், செலவு ஏறினால் அயல்நாட்டுச் சரக்கு நம் சந்தையைப் பிடிக்கும், தொழிற்சாலை மூடப்படும், காப்பாற்றப்பட வேண்டிய தொழிலாளியே வேலையிழந்து தெருவில் நிற்பான். இந்த வாதம் முழு வடிவத்தோடு எழுந்து, பல நாடுகளில் பலவிதமாகச் சோதிக்கப்பட்டது தீக்குச்சித் தொழிலில்தான். ஆகவே அதன் வரலாற்றைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

உரசினால் எரியும் குச்சியை முதலில் செய்து விற்றவர் இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரத்து மருந்துக் கடைக்காரர் ஜான் வாக்கர். 1827ஆம் ஆண்டு அவர் கணக்குப் புத்தகத்தில் முதல் விற்பனை பதிவாகியிருக்கிறது. அவருடைய குச்சியில் பாஸ்பரஸ் இல்லை; பொட்டாசியம் குளோரேட்டும் ஆன்டிமனி சல்பைடும்தாம் இருந்தன. எளிதில் பற்றவில்லை, பற்றினால் பொறி தெறித்தது. 1830ஐ ஒட்டிப் பிரான்சில் சார்ல் சோரியா என்ற இளைஞர் குச்சித் தலையில் வெண் பாஸ்பரஸைச் சேர்த்தார். அதன்பின் சுவரில் உரசினாலும் பற்றியது, செருப்படியில் உரசினாலும் பற்றியது. நெருப்புக்காக அண்டை வீட்டுக்குச் சட்டியோடு ஓடிய காலம் முடிந்தது. சில ஆண்டுகளுக்குள் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பெரிய தொழிற்சாலைகள் எழுந்தன.

வெண் பாஸ்பரஸ் கொடிய பொருள். காற்றுப் பட்டாலே புகையத் தொடங்கும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் அதைத் தண்ணீருக்குள் மூழ்கவைத்துப் பூட்டி வைப்பதை என்னைப் போன்ற ஆசிரியர்கள் மாணவர்களுக்குக் காட்டியதுண்டு. அத்தகைய பொருளைச் சூடான பசையாகக் குழைத்துத் தட்டில் பரப்பி, சட்டத்தில் செருகிய ஆயிரக்கணக்கான குச்சிகளை அதில் நனைத்து, உலர்த்தி, நடுவே வெட்டிப் பெட்டியில் அடுக்குவது தீக்குச்சித் தொழில். வெட்டி அடுக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. அறையில் புகை, கையில் பசை, உணவும் வேலை மேசை மீதே. பத்து மணி நேரத்திற்கு மேலும் அந்தக் காற்றையே மூச்சில் இழுத்தார்கள்.

1845ஆம் ஆண்டு வியன்னா நகரத்து மருத்துவர் லோரின்சர், தீக்குச்சித் தொழிலாளரிடம் தாம் கண்ட ஒரு புதிய நோயைப் பற்றி எழுதினார். முதலில் பல்வலி வரும். சொத்தைப் பல் உள்ளவர்க்கே பெரும்பாலும் வரும். பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது. ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கும். தாடையெலும்பு உள்ளேயே மாண்டு துண்டு துண்டாக வெளிவரும். அருகில் எவரும் உட்கார முடியாத துர்நாற்றம் எழும். தாடையை வெட்டியெடுத்தால் சிலர் பிழைப்பர். பிழைத்தவர் முகம் பழைய முகமாக இராது. வேலையை விட்டுச் சில ஆண்டுகள் கழித்தும் இந்நோய் தோன்றியதுண்டு என்பது கவனிக்கத்தக்கது. நோயாளி அப்போது வேறு ஊரில், வேறு வேலையில் இருப்பாள். பழைய முதலாளியின் கணக்கில் அவள் பெயர் இராது. நம் காலத்து மருத்துவத்தில் இதற்கு ஓர் எதிரொலி உண்டு. எலும்புத் தேய்மானத்திற்கும் புற்றுநோய்க்கும் கொடுக்கப்படும் பிஸ்பாஸ்பனேட் என்ற மருந்து வகையால் சிலருக்குத் தாடையெலும்பு மாண்டுபோவதை 2003ஆம் ஆண்டில் மருத்துவர்கள் கண்டறிந்தபோது, வியன்னாவின் பழைய குறிப்புகளைத்தான் மீண்டும் புரட்டிப் பார்த்தனர்.

நோய் வெளிப்பட்ட அதே பத்தாண்டில் அதற்கு மாற்றும் வெளிப்பட்டது என்பதுதான் இவ்வரலாற்றின் வேடிக்கை. அதே வியன்னாவில் ஆன்டன் ஷ்ரோட்டர் என்ற வேதியியலறிஞர், வெண் பாஸ்பரஸைக் காற்றுப் புகாமல் சூடாக்கினால் அது செந்நிறப் பொருளாக மாறுகிறது என்று காட்டினார். தனிமம் ஒன்றே, அணுக்களின் அமைப்பு மட்டும் வேறு. சிவப்புப் பாஸ்பரஸ் ஆவியாகிப் புகைவதில்லை, நஞ்சும் இல்லை. சுவீடனில் பாஷ் என்பவர் 1844ஆம் ஆண்டிலேயே பாதுகாப்புக் குச்சிக்கு வழி கண்டிருந்தார். யோன்கோப்பிங் நகரத்து லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைத் தொழிலாக்கினர். பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்துப் பெட்டியின் பக்கத்தில் பூசிவிட்டனர். இன்று நம் கையிலிருக்கும் தீப்பெட்டி இதுவே. 1855ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் அதற்குப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு அதன் பிரிட்டிஷ் உரிமையை விலைக்கு வாங்கியவர்கள் இலண்டனைச் சேர்ந்த பிரையன்ட், மே என்னும் கூட்டாளிகள். இருவரும் குவேக்கர் சமயத்தினர். அறச் சிந்தனை உள்ளவர்கள் என்று பெயர் பெற்றவர்கள்.

ஆகவே, மாற்றுப் பொருள் இல்லாமையால் தொழிலாளர் மடிந்தனர் என்று சொல்ல இயலாது. மாற்று இருந்தது, அதன் உரிமைப் பத்திரம் கம்பெனியின் பெட்டியிலேயே இருந்தது. ஆனால் வாங்குவோர் அதை விரும்பவில்லை. பாதுகாப்புக் குச்சியின் விலை சற்று மிகுதி. பெட்டி நனைந்தாலோ தொலைந்தாலோ குச்சி பயன்படாது. எங்கே உரசினாலும் எரியும் பழைய குச்சியையே மக்கள் கேட்டார்கள். கம்பெனியும் இரண்டையும் செய்தது. விற்பனை எதில் மிகுதியோ அதை மிகுதியாகச் செய்தது. இதை முதலாளியின் கொடுமை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது. அரைப் பென்னிக்குக் குச்சி வாங்கியவர் எவரும் அதைச் செய்தவளின் தாடையைப் பார்த்ததில்லை.

இங்கே 1871ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லவேண்டும். பிரிட்டிஷ் நிதியமைச்சர் இராபர்ட் லோ தீக்குச்சிக்கு வரி விதிக்க முற்பட்டார். நூறு குச்சிக்கு அரைப் பென்னி வரி. ஏழைத் தொழிலாளர் வேலை இழப்பர் என்று நாடெங்கும் கூக்குரல் எழுந்தது. ஏப்ரல் மாதத்தில் கிழக்கு இலண்டனிலிருந்து தீக்குச்சித் தொழிலாளர் பாராளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் சென்றனர்; போலீசார் தடுத்தனர். விக்டோரியா அரசியாரே பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வரி கைவிடப்பட்டது. அவ்வெற்றியின் நினைவாகக் கம்பெனி மறு ஆண்டில் போ வீதியில் குடிதண்ணீர் ஊற்று ஒன்று கட்டிவைத்தது. தொழிலாளியின் பிழைப்புக்காக அரசி முதல் ஆலை முதலாளி வரை இரங்கிய அந்த ஆண்டில், லோரின்சரின் கட்டுரை வெளிவந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தாடையைப் பற்றி அன்று எவரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

பிற நாடுகள் என்ன செய்தன? பின்லாந்து 1872ஆம் ஆண்டிலும் டென்மார்க் 1874ஆம் ஆண்டிலும் வெண் பாஸ்பரஸ் குச்சியை அறவே தடுத்தன. இரண்டும் சிறு நாடுகள். ஏற்றுமதியை நம்பி வாழாதவை. தடை நிலைத்தது. சுவிட்சர்லாந்தின் கதை வேறு. அங்கே பிரூட்டிகன் போன்ற மலைப் பள்ளத்தாக்குகளில் வேறு பிழைப்பில்லாத ஏழைக் குடும்பங்கள் வீட்டிலும் சிறு பட்டறையிலும் குச்சி செய்துவந்தன. 1879ஆம் ஆண்டில் தடைச் சட்டம் இயற்றப்பட்டு 1881இல் நடைமுறைக்கு வந்தது. மாற்றாக வந்த குச்சிகள் தரமற்றவை. சில வெடித்துக் கையைச் சுட்டன. மக்கள் அவற்றை வாங்கவில்லை. பழைய குச்சி கள்ளத்தனமாகச் செய்யப்பட்டது. எல்லை கடந்தும் வந்தது. முன்னே ஆய்வாளர் கண்ணுக்குப் பட்ட பட்டறை, இப்போது மாடியறையிலும் மாட்டுக் கொட்டிலிலும் மறைந்துகொண்டது. அங்கே புகை இன்னும் அடர்த்தி. 1882ஆம் ஆண்டில் அரசாங்கம் சட்டத்தைத் திரும்பப் பெற்றது. மறுபடியும் தடை விதிக்க 1898 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்தச் சுவிஸ் தோல்வியைச் சீர்திருத்த நூல்கள் இரண்டு வரியில் கடந்துவிடுவது உண்டு. அது சரியன்று. தடையை எதிர்த்தவர்கள் எல்லாரும் நெஞ்சில் ஈரமற்றவர்கள் அல்லர். அவர்கள் கையில் ஒரு மெய்யான சான்று இருந்தது. மக்கள் ஏற்கும் மாற்றும் இல்லாமல், எல்லைக்கப்பால் உள்ளவன் இணக்கமும் இல்லாமல், ஒரு நாடு தனியாகச் சட்டம் போட்டால் அது காகிதத்தில் நிற்கும் என்பதற்கு அந்த மலைப் பள்ளத்தாக்கு சான்று.

மீண்டும் இலண்டனுக்கு வருவோம். 1888ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23ஆம் நாள், தாம் நடத்திய ‘லிங்க்’ என்ற சிறு பத்திரிகையில் அன்னி பெசன்ட் அம்மையார் ஒரு கட்டுரை வெளியிட்டார். பின்னர் அடையாற்றில் வாழ்ந்து, 1917ஆம் ஆண்டில் இந்தியக் காங்கிரசின் தலைவராகி, 1933ஆம் ஆண்டில் நம் சென்னையிலேயே மறைந்த அதே அம்மையார்தாம். அப்போது அவர் இலண்டனில் சமதர்மக் கொள்கை பேசிவந்தார். வாரத்திற்குச் சில ஷில்லிங் கூலி, அதிலும் பேசினால் அபராதம், கால் அழுக்கானால் அபராதம். பங்குதாரர்க்கோ நூற்றுக்கு இருபதுக்கு மேல் இலாபப் பங்கு என்று கட்டுரை கூறியது. தமக்குக் குறையொன்றும் இல்லை என்று கையெழுத்திடுமாறு நிர்வாகம் தொழிலாளப் பெண்களைக் கேட்டது. அவர்கள் மறுத்தனர். ஜூலை மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,400 பெண்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தனர். வேலைநிறுத்தத்தைத் தூண்டியவர் அம்மையார் என்று எழுதுவோர் உண்டு, தொடங்கியவர்கள் அப்பெண்களேயாவர். அம்மையார் பணம் திரட்டியும் எழுதியும் துணை நின்றார். இரண்டு வாரத்தில் கம்பெனி இறங்கி வந்தது. அபராதங்கள் ஒழிந்தன. சங்கம் அமைந்தது. புகை படியாத இடத்தில் உண்பதற்குத் தனியறை தருவதாகவும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

தொழிற்சங்க வரலாற்றில் இது பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்ட நிகழ்ச்சி. ஆனால் வெண் பாஸ்பரஸ் அதனால் ஒழிந்தது என்று பலர் எழுதுவது பிழை. உணவறை வந்தது, கூலி சீர்பட்டது, பாஸ்பரஸ் பசை அடுத்த பதின்மூன்று ஆண்டுகளும் அதே தட்டில் கொதித்தது. அவ்விளம்பெண்கள் அதை நிறுத்தக் கேட்டிருக்க இயலுமா என்பதும் ஐயமே. அது நின்றால் வேலையும் நிற்கும் என்றுதான் எல்லாரும் அவர்களிடம் சொல்லிவந்தார்கள்.

1891ஆம் ஆண்டில் இரட்சணிய சேனையார் வேறொரு வழியில் முயன்றனர். சட்டத்திற்குக் காத்திராமல், தாமே கிழக்கு இலண்டனில் ஒரு தீக்குச்சித் தொழிற்சாலை திறந்தனர். சிவப்புப் பாஸ்பரஸ் மட்டும். ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டி செய்வதற்கு வெளியே இரண்டேகால் பென்ஸ், இரண்டரைப் பென்ஸ் என்று கொடுத்துவந்த காலத்தில் இவர்கள் நான்கு பென்ஸ் கொடுத்தனர். பத்திரிகைக்காரரையும் பாராளுமன்ற உறுப்பினரையும் அழைத்துக் காட்டினர். நல்ல குச்சியையே வாங்குங்கள் என்று மக்களின் மனச்சாட்சியை வேண்டினர். விலை மிகுதியாக இருந்தமையால் மனச்சாட்சி உள்ளவர்கள் வாங்கினர், மற்றவர்கள் வாங்கவில்லை. 1901ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலை பிரையன்ட் - மே கம்பெனியின் கைக்கே போயிற்று. அறவோர் ஒருவர் செலவை ஏற்றுக்கொண்டு நல்ல சரக்கு செய்தால் மட்டும் போதாது, அவருடன் போட்டியிடுகிறவரும் அதே செலவை ஏற்கவேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் கண்டதில்லை.

இதற்கிடையில் அரசாங்கம் நோயைப் பற்றித் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியிருந்தது. 1898ஆம் ஆண்டில், பதினேழு பேருக்கு நோய் கண்டதை, அவருள் ஆறு பேர் இறந்ததை, கம்பெனி மறைத்தது என்று வழக்கு நடந்து குற்றம் மெய்ப்பட்டது. விதிக்கப்பட்ட தண்டம் 25 பவுன் 9 ஷில்லிங். மறு ஆண்டில் வேதியியலறிஞர் தார்ப், தொழில்நோய் மருத்துவர் ஆலிவர், பல் மருத்துவர் கனிங்ஹாம் ஆகிய மூவர் ஆராய்ந்து அறிக்கை தந்தனர். அதன் விளைவு தடையன்று, விதிகள். பல் சோதனை செய்யவேண்டும், பல் பிடுங்கினவர் ஆறும்வரை புகைக்குள் வரலாகாது, காற்றோட்டம் வேண்டும் என்பன போன்ற விதிகள். நோய் குறைந்தது, மறையவில்லை.

முடிச்சை அவிழ்த்தது பிரான்சு. காரணத்தை ஆராய்ந்தால் சுவையானது. அங்கே தீக்குச்சி 1872 முதல் அரசாங்க ஏகபோகம். 1890 முதல் அரசாங்கமே நேரடியாக உற்பத்தி நடத்தியது. ஆகவே தாடை கெட்ட தொழிலாளிக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியதும் அரசாங்கம், வேலைநிறுத்தம் வந்தால் வருவாய் இழப்பதும் அரசாங்கம். தொழிலின் இலாபமும் நோயின் செலவும் ஒரே கணக்கேட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் வந்து நின்றன. தனி முதலாளிகளின் கணக்கேட்டில் இரண்டாவது பக்கமே இல்லை. அது தொழிலாளியின் வீட்டிலும் தரும ஆஸ்பத்திரியிலும் எழுதப்பட்டது. 1898ஆம் ஆண்டில் ஏகபோகத்தின் பொறியாளர்களான செவேன், காஹேன் என்ற இருவர், எங்கே உரசினாலும் எரிகிற, ஆனால் தாடையைக் கெடுக்காத குச்சி ஒன்றைச் செய்தனர். நான்கு பாஸ்பரஸ் அணுவும் மூன்று கந்தக அணுவும் சேர்ந்த சேர்மம் அதற்குப் பயன்பட்டது. சேர்மம் புதிதன்று, லெமுவான் என்பவர் 1864ஆம் ஆண்டிலேயே அதைச் செய்திருந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் அது தன்னைத் தேடுவார் இல்லாமல் கிடந்தது. பிரெஞ்சு ஆலைகள் உடனே அதற்கு மாறின.

வாங்குவோர் விரும்பும் குச்சி இப்போது நஞ்சின்றியும் கிடைத்தது. சுவிட்சர்லாந்தில் இல்லாதிருந்த இரண்டில் ஒன்று வந்துவிட்டது. மற்றொன்று, எல்லைக்கப்பால் உள்ளவனின் இணக்கம். அதற்கு முயன்றது தொழிற்சட்டத்துக்கான சர்வதேசச் சங்கம் என்ற அமைப்பு. 1900இல் பாரிசில் தோன்றி, பாசல் நகரத்தில் அலுவலகம் வைத்திருந்த அறிஞர் சங்கம் அது. அதன் தூண்டுதலால் சுவிஸ் அரசாங்கம் 1905இல் பெர்ன் நகரத்தில் மாநாடு கூட்டியது. அங்கேயும் போட்டி பற்றிய அச்சமே முதலில் வந்து உட்கார்ந்தது. ஜப்பானும் சேரவேண்டும் என்ற நிபந்தனையை வரைவில் எழுதினார்கள். கோபே, ஓசாகா நகரங்களின் மலிவான குச்சி சீனச் சந்தையிலும் இந்தியச் சந்தையிலும் குவிந்துகொண்டிருந்தது. ஜப்பான் சேரவில்லை. அந்நிபந்தனையை விட்டுவிட்டு, 1906 செப்டம்பர் 26ஆம் நாள் டென்மார்க், பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி, லக்சம்பர்க், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய ஏழு நாடுகள் மட்டும் கையெழுத்திட்டன. பிரிட்டன் இல்லை, பெல்ஜியம் இல்லை, சுவீடன் இல்லை. உலகில் ஓர் இரசாயனப் பொருளைத் தொழிலாளர் நலத்துக்காக நாடுகள் கூடித் தடுத்த முதல் உடன்படிக்கை இதுவே. செய்யவும் கூடாது, இறக்கவும் கூடாது, விற்கவும் கூடாது என்று மூன்றையும் அது ஒருங்கே தடுத்தது. செய்வதை மட்டும் தடுத்திருந்தால் உள்நாட்டு ஆலைதான் மூடியிருக்கும்; நஞ்சுக்குச்சி கப்பலில் வந்து இறங்கியிருக்கும். இறக்குமதியையும் விற்பனையையும் சேர்த்தமையால், நல்ல முறையில் செய்பவனுக்குச் சட்டமே காவலாயிற்று.

பிரிட்டன் 1908ஆம் ஆண்டில் மனம் மாறியது. அவ்வாண்டுச் சட்டப்படி 1910 ஜனவரி முதல் நாளிலிருந்து வெண் பாஸ்பரஸ் குச்சி அங்கே தடுக்கப்பட்டது. இதில் ஒரு நுட்பம் உண்டு. பெரிய கம்பெனி 1901ஆம் ஆண்டிலேயே வெண் பாஸ்பரஸைக் கைவிட்டிருந்தது. தடை அதற்குச் சுமையன்று. சிறு தொழிற்சாலைகளுக்குத்தான் இடர். மாற்று மருந்து பேடன்ட் உரிமைக்குள் இருந்தது. உரிமையாளர் கேட்ட விலையைக் கொடுக்க முடியாத சிறு முதலாளி மூடிக்கொண்டு போகவேண்டும். ஆகவே, தக்க தொகை பெற்றுக்கொண்டு உரிமையைப் பிறருக்கும் கொடுக்குமாறு கட்டாயப்படுத்தும் பிரிவு ஒன்றை அச்சட்டத்திலேயே சேர்த்தார்கள். நஞ்சைத் தடுப்பதாகச் சொல்லிப் போட்டியைத் தடுத்துவிடாதபடி இட்ட வேலி அது. சட்டம் எழுதுவோர் அத்தனை தூரம் எண்ணிப் பார்த்தது பாராட்டத்தக்கது.

அமெரிக்காவில் இதே இடர் இன்னும் பெரிதாக நின்றது. டயமண்ட் கம்பெனி 1900ஆம் ஆண்டில் ஒரு இலட்சம் டாலர் கொடுத்துப் பிரெஞ்சுப் பேடன்டின் உரிமையை வாங்கியது. ஆனால் அமெரிக்கத் தட்பவெப்பத்துக்கு அக்குச்சி ஒத்துவரவில்லை என்று சொல்லிப் பழைய குச்சியையே செய்துவந்தது. அந்நாட்டில் இந்நோயே இல்லை என்று பலர் நம்பியிருந்தனர். அமெரிக்க ஆலைகள் தூய்மையானவை என்பது அவர்கள் பெருமை. ஜான் ஆண்ட்ரூஸ் என்ற இளம் பொருளாதார அறிஞர், இருந்த பதினாறு தொழிற்சாலைகளில் பதினைந்தை ஆராய்ந்தார். ஆலை ஏட்டை மட்டும் பாராமல், பல் மருத்துவரிடமும் மருந்துக் கடையிலும் தொழிலாளர் வீட்டிலும் கேட்டறிந்தார். நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய செய்தி கிடைத்தது. 1910 ஜனவரியில் அரசாங்கமே அவ்வறிக்கையை வெளியிட்டது.

அதன் பிறகும் தடை எளிதாக இல்லை. அந்நாட்டு அரசியலமைப்பின்படி, மாநிலத்துக்குள் இருக்கும் ஆலையில் எதைச் செய்யலாம் என்று ஆணையிடும் அதிகாரம் மத்திய காங்கிரசுக்கு அன்று இல்லை என்று கருதப்பட்டது. ஒரு மாநிலம் தனியாகத் தடுத்தால் ஆலை அடுத்த மாநிலத்துக்கு நகர்ந்துவிடும். கடைசியில் வரி என்ற கருவியை எடுத்தார்கள். வெண் பாஸ்பரஸ் குச்சி நூறுக்கு இரண்டு சென்ட் வரி. எவனும் செய்து விற்க இயலாத வரி. இருந்தும் உரிமை டயமண்ட் கம்பெனியிடம் உள்ளவரை, வரி விதிப்பது அதற்கு ஏகபோகம் கொடுப்பதாகும் என்று எதிர்த்தனர். எதிர்ப்பு நியாயமானதே. குடியரசுத் தலைவர் டாப்ட் கம்பெனியை வெளிப்படையாகவே வேண்டிக்கொண்டார். 1911 ஜனவரி 28ஆம் நாள் டயமண்ட் கம்பெனி தன் உரிமையைத் துறந்தது. போட்டியாளர் எவரும் இலவசமாகச் செய்துகொள்ளலாம் என்றாயிற்று. அதே ஆண்டில் அக்கம்பெனியைச் சேர்ந்த பேர்பர்ன் என்பவர் பிரெஞ்சு முறையை அமெரிக்கத் தட்பவெப்பத்துக்கு ஏற்பத் திருத்திக் காட்டினார். பத்தாண்டாக ஒத்துவராத மருந்து, சட்டம் வாசலில் வந்து நின்றதும் ஒத்துவந்தது! 1912 ஏப்ரல் 9ஆம் நாள் சட்டம் நிறைவேறியது.

வேலை போயிற்றா என்பதே இறுதியில் கேட்கவேண்டிய கேள்வி. டயமண்ட் கம்பெனி மேலும் வளர்ந்தது. இலண்டன் போ வட்டாரத்துத் தொழிற்சாலை தடைக்குப் பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் நடந்து 1979ஆம் ஆண்டில்தான் மூடப்பட்டது. அதற்குள் மின்சாரமும் சிகரெட் லைட்டரும் வந்து தீக்குச்சியின் தேவையைக் குறைத்திருந்தன. இடையில் இயந்திரங்களும் பல கைகளின் வேலையை எடுத்துக்கொண்டன. எச்சரித்த அழிவு அந்த வடிவில் வரவில்லை. ஆனால் அது தானாக வராமற் போகவில்லை. இறக்குமதித் தடை, உரிமையைப் பொதுவாக்கியது, மாறுவதற்கு அளித்த தவணை ஆகிய இவ்வளவும் சேர்ந்தே அதை வராமல் செய்தன. சட்டத்தை விரும்புவோர் இதை மறந்து, எந்த அச்சமும் பொய்யே என்று பேசுவதை நான் ஏற்பதில்லை.

இந்தியாவுக்கு இச்சட்டம் வந்தது 1913ஆம் ஆண்டில். அப்போது நாம் எரித்த குச்சிகளில் மிகப் பெரும்பகுதி சுவீடனிலும் ஜப்பானிலும் செய்தவை. உள்நாட்டுத் தொழில் இளங்குருத்து. ஆமதாபாத்தில் 1895இல் தொடங்கிய ஆலையும் வேறு சில முயற்சிகளுமே இருந்தன. ஆகவே வேலையிழப்பு என்ற கூக்குரலுக்கு இங்கே பெரிய இடமில்லை. ஆனால் இந்தியச் சந்தையின் கதவு மூடியது ஜப்பானிய ஆலைகளுக்குச் சிறிய செய்தியன்று. வாங்குவோர் ஒவ்வொருவராகக் கதவடைக்க, விற்போருக்குப் பழைய முறையில் நிற்பது கடினமாயிற்று. 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு தன் முதற் கூட்டத்திலேயே பெர்ன் உடன்படிக்கையை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. 1921இல் ஜப்பானும் வெண் பாஸ்பரஸைத் தடுத்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1922இல், இறக்குமதித் தீப்பெட்டியின் மீது இந்திய அரசாங்கம் சுங்கவரியைக் குரோசுக்கு ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. வருவாய்க்காக உயர்த்திய வரிதான். ஆயினும் அதன் நிழலில் உள்நாட்டுத் தொழில் தழைத்தது. மழை பொய்த்த சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் அவ்வாண்டில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றனர். 1923ஆம் ஆண்டில் ஊர் திரும்பி முதல் தொழிற்சாலையைத் தொடங்கினர். நாளடைவில் அவ்வட்டாரத்தின் ஆயிரமாயிரம் குடும்பங்கள் குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் பிழைத்தன. அங்கே குழந்தைகள் உழைத்ததும் தீவிபத்தில் பலர் மாண்டதும் தனியே சொல்லவேண்டிய வரலாறு. அவ்வூரில் முதற்குச்சி நனைக்கப்படும்போது வெண் பாஸ்பரஸைத் தடுத்த சட்டத்துக்குப் பத்து வயது. தாடை அழுகிய தீப்பெட்டித் தொழிலாளியைப் பற்றிச் சாத்தூரிலோ கோவில்பட்டியிலோ உள்ள முதியவர்களைக் கேட்டால், அப்படியொரு நோயா என்று அவர்கள் நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.